குரோஷோ படகின் கடைசிப் பதிவு

என் பெயர் ரக்ன்ஹில்ட் தோர்ஸ்விக். வயது 41. நார்வே மேற்குக் கரையில் ஹெல்லவோக் ஊரில், மீன் ஏலக்கூடத்துக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். மீன்பிடிப் படகுகள் இருக்குமிடத்தை மீட்பு மையத்துக்குத் தெரிவிக்கும் நிறுவனத்தில் நிரல் எழுதுகிறேன். உரிமையாளர் டோர்கெயிர் ஹௌக்லி.

படகின் பெயர், இருப்பிடம், ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் ஒரே சிறிய ஃபைலாகச் செயற்கைக்கோள் வழியே வரும். அதை இன்னும் சுருக்க டோர்கெயிர் புது நிரல் எழுதி, பிப்ரவரி 11 காலை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நம் ஊர்ப் பெயர்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

அன்று முற்பகல் மீட்பு மையத்திலிருந்து ஸ்வெய்னுங் என்ற அதிகாரி கூப்பிட்டார்.

"குரோஷோ படகு துறைமுகத்துலயே நிக்குதுன்னு உங்க திரை காட்டுது. ஆனா தண்ணி ஏறுதுன்னு படகை ஓட்டுற அம்மா ரேடியோவுல சொன்னாங்க, அதோட சத்தம் நின்னுபோச்சு. துறைமுகத்தைச் சுத்தித் தேடியாச்சு, இல்ல. எங்க போறது?"

அதன்பேரில் நான் அந்த ஃபைலைத் திறந்து பைட் பைட்டாகப் படித்தேன். குரோஷோ என்று எங்கள் மொழியில் எழுத ஆறு எழுத்து. அவற்றில் இரண்டு எழுத்துகளுக்குத் தலா இரண்டு பைட் வேண்டும், மற்றவற்றுக்கு ஒவ்வொன்று, ஆக மொத்தம் எட்டு. புது நிரல் எழுத்தை எண்ணி, பெயரின் நீளம் ஆறு என்று குறித்திருந்தது. அதனால் பெயரின் கடைசி இரண்டு பைட் இருப்பிட எண்ணுக்குள் புகுந்து, எண் அர்த்தமற்றுப்போக, திரை அதைத் தள்ளிவிட்டுப் பழைய இடத்தையே காட்டியிருக்கிறது. இரண்டு பைட் தள்ளிப் படித்ததும் வெளித்தீவுக்கு அப்பாலுள்ள கடல் வந்தது.

உறுதியாகும் வரை சொல்லாதே, தப்பானால் நம் தலையில் விழும் என்று டோர்கெயிர் தடுத்தார். நான் தொலைபேசியிலேயே இருப்பிடத்தைச் சொன்னேன். அதன் பிறகு ஹெலிகாப்டர் அங்கே போய் இருவரையும் தூக்கியது. படகை ஓட்டிய குட்னி நெஸ்ஸா உயிரோடு இருந்தார். அவர் விடாமல் பிடித்திருந்த தம்பி ஓட்வார் இறந்திருந்தார். குட்னியின் விரல்களைத் தம்பியின் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்ததாக ஸ்வெய்னுங் பிறகு சொன்னார்.

ஈமச்சடங்குக்கு மறுநாள் டோர்கெயிர் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவர் சவரம் செய்திருக்கவில்லை.

"ஓட்வார் திரும்பி வரப்போறதில்ல, ரக்ன்ஹில்ட். அந்த நீளத்தை மட்டும் எட்டுன்னு மாத்திடு. சிக்னல் தாமதமா வந்துதுன்னு சொல்லிக்கலாம். இங்க இத்தனை பேர் குடும்பம் இருக்கு."

"அந்தப் படகு கடைசியா சொன்னது அதுதான். இடத்தை அது சரியாத்தான் சொல்லுச்சு, நம்ம நிரல்தான் நீளத்தைத் தப்பா எழுதுச்சு. அதுல நான் கை வைக்க மாட்டேன். வேற யாரையும் வைக்க விடவும் மாட்டேன்."

அதன் பிறகு அவர் முன்னிலையிலேயே ஃபைலை நகலெடுத்தேன். அதையும் பழைய, புதிய நிரல்களையும் இன்று விசாரணை அதிகாரியிடம் ஒப்படைக்கிறேன். இங்கே வருவதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வேலை போகலாம் என்பது எனக்குத் தெரியும்.

யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னது இவ்வளவே. எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ரக்ன்ஹில்ட் தோர்ஸ்விக்