ஒரே ஒரு காலியிடம்

உங்கள் அலுவலகத்தில் தேநீர் சூடாக வருகிறது, ஐயா. எங்கள் துறையில் பதினேழு வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டேன், மாடி ஏறி வருவதற்குள் ஆறிவிடும். சரி, எழுதிக்கொள்ளுங்கள். நான் வேகமாகப் பேசினால் கையைக் காட்டுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் நரம்புப் பொறியியல் துறையின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வது நான்தான். மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்துக் கைகால் நடுக்கத்தை நிறுத்துகிறார்களே, அந்த மாதிரிப் படிப்பு. படிப்பு எனக்குத் தெரியாது, படித்தவர்களைத் தெரியும். பேராசிரியர் வேலைக்கு ஆள் தேடும்போது, வருகிறவர்களுக்குப் பயணச்சீட்டு எடுப்பது, விடுதியில் அறை போடுவது, யாரை எத்தனை மணிக்குப் பார்க்கவேண்டும் என்று தாளில் அடித்துக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் சாவிக்கொத்து. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அதே துறையில் என் தம்பி ஒப்பந்த ஆசிரியர். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. வளர்த்தது நான். துறையில் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. அது நிரம்பாத வரைக்கும் அந்த வகுப்புகளை எடுக்க அவன் வேண்டும். நிரம்பிவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அவனே இரண்டு தடவை அந்த இடத்துக்கு விண்ணப்பித்தான். நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. "விடுக்கா, வேற ஊர்ல பாத்துக்கலாம்" என்றான் சிரித்துக்கொண்டே. வேற ஊராம். சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தெரியாது அவனுக்கு.

அதனால் அந்த இடம் நிரம்பாமல் பார்த்துக்கொண்டேன்.

பெரிய வித்தையெல்லாம் இல்லை, ஐயா. முதலில் வந்த பெண்மணியைக் காரில் அழைத்து வரும்போது, துறைத்தலைவருக்கு முன்கோபம், ஆய்வகம் கட்டி முடிக்க இன்னும் நாலு வருஷம் ஆகும் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் வேண்டாம் என்று எழுதிவிட்டார். அடுத்தவருக்குத் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறை. தூக்கம் கெட்டு வந்து தேர்வுக் குழுவிடம் எரிந்து விழுந்தார். மூன்றாமவருக்கு நேரத்தை ஒரு மணி தள்ளிச் சொன்னதோடு சரி. துறைத்தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம துறைக்கு என்னம்மா ராசி இது?"

"நல்ல ஆள் கிடைக்காமலா போயிடும், சார்?" என்றேன்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதையும் எழுதுங்கள்.

நாலாவதாக வந்தவரைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. மற்றவர்கள் ஆராய்ச்சி செய்கிற கருவியை இவர் தன் தலைக்குள்ளேயே வைத்திருந்தார். வருவதற்கு முன்பே எனக்கு எழுதினார்: 'எனக்குச் சாப்பாடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அம்மா. நெஞ்சுக்குள் இருக்கும் பேட்டரிக்குத் தினமும் ஒரு மணி நேரம் சார்ஜ் போடவேண்டும். கட்டில் பக்கத்தில் ஒரு பிளக் இருந்தால் போதும்.' சோப்புப் பெட்டி அளவில் ஒரு சார்ஜர், சட்டைக்கு மேல் வைத்துக்கொள்வார். பயணத்தில் இரண்டு நாள் போடவில்லை, காலையில் போட்டுக்கொள்கிறேன் என்று காரிலேயே சொன்னார். நான் அறையைத் திறந்துவிட்டேன். அவர் முகம் கழுவப் போனார். சார்ஜரை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பேசும்போது கை நடுங்கவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

காலையில் கூப்பிட்டார். போய் நானும் சேர்ந்து தேடினேன். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். "வீட்லயே விட்டுட்டேன் போல. என் வீட்டுக்காரி படிச்சுப் படிச்சுச் சொன்னா" என்று தன்னையே திட்டிக்கொண்டார். "கவலைப்படாதீங்க சார், சார்ஜர் கம்பெனிக்குப் போன் பண்றேன்" என்றேன். பண்ணவில்லை.

பத்து மணிக்குப் பேச ஆரம்பித்தார். அரைமணியில் கை ஆட ஆரம்பித்தது. அவர் அதை மறைக்கவில்லை. எல்லாரும் பார்க்கிற மாதிரி தூக்கிக் காட்டினார். "கருவி ஓடுறப்போ நான் எப்படி இருப்பேன்னு காட்டத்தான் வந்தேன். அது இல்லாம எப்படி இருப்பேன்னும் பாத்துக்கோங்க" என்றார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முதல் வரிசையில் இருந்த என் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இவர்தாம்மா. முடிஞ்சுபோச்சு" என்று தலைவர் என் காதருகில் சொன்னார்.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவரால் ஸ்பூனைப் பிடிக்க முடியாது என்பதால் என் அறையில் உட்கார வைத்திருந்தேன். உடம்பு விறைத்துக்கொண்டே வந்தது, பேச்சும் குழறியது. அப்போதும் சிரித்தார்.

"முன் வரிசையில இருந்தவர் உங்க தம்பியாமே. அவரோட கட்டுரையெல்லாம் படிச்சிருக்கேன். நான் இங்க வந்தா முதல்ல அவருக்குத்தான் ஒரு நிரந்தர இடம் கேப்பேன்."

கைப்பையிலிருந்த சார்ஜரை என் மேசையின் இரண்டாவது இழுப்பறைக்கு மாற்றியிருந்தேன். நாலு அடி தூரம். யோசித்தேன், ஐயா, யோசிக்காமல் இல்லை. எடுத்துக் கொடுத்தால், எங்கே கிடைத்தது என்று கேட்பார். தவிர, வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசுவார்கள்.

அடுத்து அவர் துணைவேந்தரைப் பார்க்கக் கீழே போகவேண்டும். "லிஃப்ட் பழுது சார், படியில போயிடலாம்" என்றேன். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அலுத்துப்போய், இந்த ஊரே வேண்டாம் என்று அவராகவே சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

படிக்கட்டின் மேல்படியில் அவர் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வரவில்லை. "கொஞ்சம் கை குடுங்கம்மா" என்றார். இன்னொரு தடவையும் சொன்னார். என் இரண்டு கையிலும் கோப்புகள். கீழே வைக்க நேரம் இருந்தது. வைக்கவில்லை. நான் தள்ளவில்லை என்பதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இறங்கிப் போய்ப் பார்த்தபோது மூச்சு இருந்தது. மேலே வந்து, கோப்புகளை வரிசைப்படி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் வந்தபோது மூச்சு இல்லை. நீங்கள் சார்ஜரைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். மீதியை நானாகச் சொல்கிறேன், அரைகுறையாக வேலை பார்த்து எனக்குப் பழக்கமில்லை.

மூன்றாம் நாள் தம்பி ஸ்டேப்ளர் ஊசி தேடி என் இழுப்பறையைத் திறந்தான். சார்ஜரை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது எப்படிக்கா இங்க வந்துச்சு?"

"எல்லாம் உனக்காகத்தான்டா."

"நான் கேட்டேனா?"

நேராக உங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். எனக்கு வருத்தமே இல்லை, ஐயா. அந்த நேர்மை நான் வளர்த்த வளர்ப்பு. வேலையை விடுவதாகத் தலைவரிடம் கடிதம் கொடுத்திருக்கிறானாம். கோபம் ஆறியதும் போய்த் திரும்ப வாங்கிக்கொள்வான். இடம்தான் இன்னும் காலியாகவே இருக்கிறதே.

அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவம் உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதினேழு வருஷ அலுவலக வேலையில் தலைகீழாகப் படிக்க வந்துவிடும். 'குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்ன உறவு' என்ற இடத்தில் 'உறவு இல்லை' என்று எழுதியிருக்கிறான். படிவம் என்றால் அவனுக்கு எப்போதும் அவசரம்தான், ஐயா. பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.