பிலாத்து ஷிப்ட்டு

ஞானம்மாள்: …நிறுத்து, நிறுத்து. விசுவாசப் பிரமாணம் வாய்ல சரியாத்தான் வருது. அர்த்தம் சொல்லு. சாமியார் அர்த்தம்தான் கேப்பாரு.

உத்தமன்: எதுக்கு அர்த்தம்?

ஞானம்மாள்: "போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு…"

உத்தமன்: அதுவா… ஏசுசாமி பிலாத்துன்ற ஆபீசருக்குக் கீழ கஷ்டப்பட்டு வேல செஞ்சாரு. எங்க பேக்டரி போர்மேன் கஜபதி மாதிரி ஒருத்தன்…

ஞானம்மாள்: அட கர்மமே! பாடுபட்டுன்னா வேலை பாக்கறதா? அடிபட்டாரு, உதைபட்டாருய்யா!

உத்தமன்: கஜபதி ஷிப்ட்டுல வந்து பாரு. ரெண்டும் ஒண்ணுதான்.

ஞானம்மாள்: விளையாடாத! இப்படிச் சொன்னா யாரு உனக்கு ஞானஸ்நானம் குடுப்பா? அது இல்லாம ஏது கல்யாணம்?

உத்தமன்: கத்தாத. ஆவடி டேசனே நம்மளத்தான் பாத்துகினு கீது.

ஞானம்மாள்: பாக்கட்டும்! ஞாயித்துக்கிழமை தவறாம உபதேசத்துக்குப் போற, ஒண்ணும் மண்டைல ஏறல. பேசாம விட்டுடு. நூம்பல் ஊர்ல உங்கம்மா பாத்து வெச்ச பொண்ணையே கட்டிக்கோ.

உத்தமன்: எங்கம்மாவா? வேதத்துல சேந்து கிறிஸ்தவனாவப்போறேன்னு சொன்னதுலேர்ந்து சோறு போட்றதோட சரி, பேச்சே கெடையாது. ஞானம், உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். கோச்சுக்காத.

ஞானம்மாள்: என்ன?

உத்தமன்: சாமியார் போன வாரமே அல்லாத்தையும் கேட்டுட்டாரு. அர்த்தத்தோட சொன்னேன். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம்னுட்டாரு.

ஞானம்மாள்: அப்ப இவ்ளோ நேரம் என் உயிர எடுத்தது?

உத்தமன்: சும்மா… உனுக்குக் கோவம் வந்தா பாக்கப் புடிக்கும். "பொண்ணுக்காகத்தான வர்ற?"ன்னு கேட்டாரு. "மொதல்ல அவளுக்காகத்தான் வந்தேன் சாமி, இப்போ எனக்கே புடிச்சிப்போச்சு"ன்னேன்.

ஞானம்மாள்: ஐயோ…

உத்தமன்: இன்னா ஐயோ? கல்யாணத்துக்கு முந்தி ரெண்டு பேரும் சேந்து உக்கார்ற வகுப்பு கீதாமே… பேரு குடுக்கச் சொல்லி உங்கிட்ட எத்தினியோ வாட்டி சொல்லி அனுப்புனாராம். நீ அந்தப் பக்கமே வரலியாமே?

ஞானம்மாள்: வரல.

உத்தமன்: வேல ஜாஸ்தியா?

ஞானம்மாள்: இல்ல.

உத்தமன்: உங்கம்மா ஒத்துக்கலியா?

ஞானம்மாள்: அம்மாவுக்குச் சம்மதம்தான்.

உத்தமன்: பின்ன இன்னாதான்… சொல்லித் தொலையேன்!

ஞானம்மாள்: நீ வந்து கேட்ட அன்னிக்கு, மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலய்யா. வேதத்துல சேந்தாத்தான் கட்டிக்குவேன்னு சொன்னா நீயே ஓடிடுவேன்னு நெனச்சேன்… நீ என்னடான்னா, எல்லாத்தையும் படிச்சுட்டு வந்து நிக்கிறியே!