மூன்று கறுப்புப் பட்டைகள்

"தினமும் குளிச்சிட்டுத்தானே வர்ற?" என்று உதவி நூலகர் சூரியபிரகாஷ் சார் என்னிடம் ஒருமுறை கேட்டார். நான் நூலகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாள் அது. அவர் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டு அவரே கூச்சப்பட்டுச் சன்னலைத் திறந்தார். நான் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆம்பூரில் எங்கள் தெரு தோல் பதனிடும் ஒரு ஷாப்புக்குப் பின்னால் இருக்கிறது. அப்பா இருபது வருடமாக அங்கே ஈரத்தோலில் ஒட்டியிருக்கும் சதையை வழிக்கிறார். எங்கள் கொடியில் காயும் துணியில் சோப்பு வாசனை தங்காது. இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். நடந்ததற்கு அதுதான் காரணம். கோபம் கிடையாது, பொறாமையும் கிடையாது.

வேலூர்ப் பக்கத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகம் அது. மூன்று மாடி, எட்டுக் கழிவறை. நானும் பூவம்மாள் அக்காவும் கழுவுவோம். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புகிறவர்களையும் அங்கே பார்த்தேன், கழிவறைச் சுவரில் மூக்கைச் சிந்திவிட்டுப் போகிறவர்களையும் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆட்கள்தான்.

ஜூன் மாதம் நூலகத்துக்குப் புதிதாக ஒரு தொகுப்பு வந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர், ராணிப்பேட்டையிலிருந்து பேரணாம்பட்டு வரை தோல், ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் நாற்பத்து மூன்று பெண்களிடம் பேசி, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே கையால் எழுதிவைத்த தாள்கள். கம்பெனியில் என்ன நடக்கிறது, யார் என்ன செய்தார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. அதை ஸ்கேன் செய்து ஆராய்ச்சி மாணவர்களுக்காக இணையத்தில் போட வேண்டும். பெயர் வெளியே வராது என்று அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில் பேராசிரியை சிவப்புக் கோடு போட்டிருந்தார். அதன்மேல் கறுப்புக் காகிதப் பட்டை வைத்துத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவருக்குப் படிக்கத் தெரியக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்களாம்.

"உங்கள்ல படிக்கத் தெரியாதவங்க யாரும்மா?" என்று சார் கேட்டார். நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள். கை தூக்கினேன். எட்டுக் கழிவறைகளிலிருந்து தப்பிக்க வேறு வழி தெரியவில்லை.

"ஏசி ரூம் மகாராணி, இந்தப் பக்கமே காணோம்?" என்று பூவம்மாள் அக்கா வாளியோடு எட்டிப் பார்ப்பாள். "இன்னாடி பண்ற உள்ள?"

"கோடு இருக்கற எடத்துல பட்டை வெக்கறேன்க்கா."

"அதுக்கு ஒரு சம்பளம். குடுத்து வெச்சவடி நீ."

நான் எல்லாவற்றையும் படித்தேன். படிக்கப் படிக்கக் குமட்டியது. டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்த யாரோ ஒருத்தியிடம், வீட்டில் புருஷனிடம் கூடச் சொல்லாததைச் சொல்லியிருந்தார்கள். சொல்லி முடித்துவிட்டு, 'இப்ப மனசு லேசா இருக்குதும்மா' என்று அநேகமாக எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அந்த வரி வரும்போதெல்லாம் நான் எழுந்து போய்க் கை கழுவினேன்.

முப்பத்தொன்றாவது தாள் ஹெலன் அக்காவுடையது.

நூலகத்துக்கு வருவதற்கு முன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஏழு மாதம் இருந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஹெலன் அக்கா தையல் வரிசையில் மூத்தவள், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, ஒரே வேனில் போவோம். ஒருநாள் சூப்பர்வைசர் என்னைச் சரக்கு அறைக்குக் கூப்பிட்டான். அங்கே நடந்ததை நான் எழுதப்போவதில்லை. வெளியே வந்து அக்காவிடம்தான் போனேன்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி இருக்குது?"

சொன்னேன். அவள் மிஷினை நிறுத்தவே இல்லை.

"வாய மூடு. ஒண்ணும் ஆவல. மூஞ்சி கழுவினு வந்து உக்காரு. நாளைக்கும் வேலைக்கு வரணும், தெரியுதா?"

நான் மறுநாள் போகவில்லை. அதோடு அந்த வேலை முடிந்தது.

அந்தத் தாளில் ஹெலன் அக்கா, அதே ஆள் தனக்கும் அதே அறையில் செய்ததைச் சொல்லியிருந்தாள். பிறகு இப்படி இருந்தது: 'ஒரு பொண்ணு அழுதுனு எங்கிட்ட வந்துச்சும்மா. நான்தான் வாய மூடுன்னேன். அது இன்னிக்கும் என்ன அறுக்குது.' அந்தப் பெண் யார் என்று பேராசிரியை கேட்டிருக்கிறார். 'அது பேரு வேணாம்மா.' மறுபடி கேட்டிருக்கிறார். 'வாழ வேண்டிய பொண்ணு. கேக்காதீங்க.' கடைசியில் அக்கா தன்னைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தாள்: 'எம் பொண்ணுக்கு வரன் பாக்கறோம். எம் பேரு எங்கயும் வந்துடக் கூடாது.'

என் பெயர் அதில் இல்லை. அதனால் எனக்குச் சிவப்புக் கோடும் இல்லை. நான் அழுததை எடுத்துத் தன் மனதை லேசாக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தத் தாளைத் தொட்ட விரல்களை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அந்தத் தாளில் மூன்று சிவப்புக் கோடுகள் இருந்தன. ஒன்று அவள் பெயர். ஒன்று அவள் தெரு. ஒன்று அந்தச் சூப்பர்வைசரின் பெயர். நான் மூன்று பட்டைகள் வைத்தேன். ஒன்றை 'ஞாயிற்றுக்கிழமை' என்ற வார்த்தை மேல் வைத்தேன். இன்னொன்றை 'சாப்பாட்டு மணி' மேல். எண்ணிக்கை சரியாக இருந்தது. சார் ஒவ்வொரு படத்திலும் பட்டைகளை எண்ணித்தான் பார்ப்பார். நூலகத்தில் வேலை செய்கிறவர்கள் படித்துப் பார்ப்பதில்லை.

இதை நான் தெரிந்து செய்தேன் என்றாலும் அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. தொகுப்பு இணையத்தில் ஏறிய முதல் மாதம் முப்பத்தொன்றாவது தாளை நான்கு பேர் பார்த்திருந்தார்கள். திரையின் மூலையில் எண் வரும். இரண்டாவது மாதமும் நான்குதான். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாதாமாதம் நூலகச் செய்தி என்று ஒரு தாள் போடுவார்கள். புதிதாக வந்த நூல்கள், புதிய ஆய்வு வசதிகள், எல்லாம் அதில் இருக்கும். வாசலில் பெரிதாக ஒட்டி, எல்லா மாணவர்களின் போனுக்கும் அனுப்புவார்கள். புதிய தொகுப்பைப் பற்றிப் போடச் சார் ஒரு படம் கேட்டார்.

"ஏதாவது ஒரு பக்கம் குடும்மா. கையெழுத்து நல்லாத் தெரியணும், கறுப்புப் பட்டையும் தெரியணும். நாம எவ்ளோ கவனமா இருக்கோம்னு பாக்கறவங்களுக்குப் புரியும்."

நான் முப்பத்தொன்றாவது தாளைக் கொடுத்தேன். அவர் பட்டைகளை எண்ணினார். "நேரா வந்திருக்கு. குட்" என்றார்.

ஆம்பூரிலிருந்து அங்கே படிக்க வரும் பிள்ளைகள் நிறையப் பேர். வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பினார்கள், சாயங்காலம் அது எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. ஹெலன் அக்காவின் மகளுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வேக்கார மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் இருவர் பெயரையும் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்பார்கள். இரண்டு ஞாயிறு முடிந்திருந்தது. மூன்றாவது ஞாயிறு வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமையே வந்து, நிச்சயத்துக்குக் கொடுத்த தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். திங்கட்கிழமை கம்பெனி வேன் ஹெலன் அக்கா நிற்கும் இடத்தில் நிற்காமல் போனது. சூப்பர்வைசர் வேலையில்தான் இருக்கிறான். அவன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பட்டையை மட்டும் நான் சரியான இடத்தில் வைத்திருந்தேன். அந்தப் பெயரைப் பார்த்தாலே எனக்கு வாந்தி வரும், வேறொன்றும் இல்லை.

நேற்று விசாரணை. துணை நூலகர் வேதாசலம் சார் எனக்காக வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். எனக்கு எழுத்தறிவு இல்லை, அதனால் பட்டை இடம் மாறிவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை என்று இருந்தது. அவர் அதை வாய்விட்டு எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு இடத்தில் எழுத்துப்பிழை இருந்தது. நான் மைப்பெட்டியில் கட்டைவிரலை ஒற்றி வைத்தேன்.

ஹெலன் அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள்; எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் படிக்கத் தெரியும் என்று அந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் மகளின் உதவித்தொகை விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததே நான்.

"பாருங்கம்மா, பாவம், இது கைநாட்டு. தெரியாம நடந்துபோச்சு" என்றார் வேதாசலம் சார். "நீங்க இன்னா சொல்றீங்க?"

அவள் என் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் சொன்னால் ஒப்புக்கொண்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் பக்கத்திலும் ஒரு தப்பு இருக்கிறது, அதனால்தான் வாய் வரவில்லை என்று நினைக்கிறேன். கைப்பையை எடுத்துக்கொண்டாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டாள். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.