கரும்புக்காட்டுல ஒரு செவப்புக் கட்டம்

வேணாம் தம்பி, அந்தக் குழாய்த் திருகைத் தொடாதீங்க. மொதல்ல இப்படி நெழலுக்கு வாங்க. கலசின் டவுன் ஆபீஸ்லேருந்து இந்த வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க. பப்பாளிக்காய் இடிச்சு வச்சிருக்கேன், ஒட்டரிசிச் சோத்தோட ஒரு வாய் சாப்புடுங்க. காரமா? வாய் செவந்தாத்தானே அது சாப்பாடு.

காட்டுங்க பாப்போம். ஓ, இதான் வானத்துலேருந்து எடுத்த படமா? பச்சையெல்லாம் தண்ணி குடிச்ச கரும்பு, செவப்பு தாகத்துல கெடக்கு. ஊரே பச்சையா இருக்க, நடுவுல ஒத்தைச் செவப்புக் கட்டம். ஆமா, என் தோட்டம்தான். இல்லேன்னா விடவா போறீங்க?

உங்க செயற்கைக்கோளுக்குக் கண்ணுல புரை கிரை விழுந்திருக்கும். நாங்களும்தான் வருசா வருசம் திருவிழாவுல மழை கேட்டு மூங்கில் ராக்கெட் விடுறோம். மேல ஏறலைன்னா செஞ்சவனைத் தூக்கிச் சேத்துல போட்டுருவோம். உங்களுது தப்புன்னா யாரைப் போடுறது? சட்டை வேற இப்பத்தான் தேச்ச மாதிரி இருக்கு.

சிரிக்கிறீங்க, ஆனா கண்ணு குழாய் மேலயே இருக்கு. சரி, படத்துல தப்பில்ல. குழாயும் அடைக்கல. நான்தான் மூடி வச்சிருக்கேன். சன்பெங்னு ஒரு கெழவி, கிறுக்கச்சின்னு எழுதிக்கோங்க.

பட்டுப்போகாது தம்பி. எல காஞ்சாலும் கட்டையில உசிரு இருக்கும். ரொம்ப நாள் தாங்காதுதான், எனக்கும் பயமாத்தான் இருக்கு. மறுபடி நட ஒடம்புல தெம்பில்ல.

எம் மவன் இருக்கானே, தவளைன்னு கூப்புடுவோம், அடைமழையில பொறந்தவன். கொரியாவுல வேலை. போயி ஆறு வருசமாச்சு. இடுப்பு வலிக்குதுடான்னா தைலம் அனுப்புவான். வீடு வெறிச்சுன்னு இருக்குடான்னேன், பெரிய டிவியா அனுப்பிட்டான். அது பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கும், நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன். ஆனா உங்க ஆபீஸ் படத்தை மட்டும் தெனமும் காலையில போன்ல பாத்துருவான். தோட்டம் பச்சையா இருந்துட்டா அம்மாவும் நல்லா இருக்கான்னு அவனுக்குக் கணக்கு. அதான் குழாயை மூடுனேன்.

நேத்துக் கூப்பிட்டான். என்னம்மா, நம்ம எடம் மட்டும் செவந்து கெடக்கே, ஒனக்கு ஏதாச்சும் ஆச்சான்னு கேட்டான். எனக்கென்னடா, நல்லாத்தானே இருக்கேன்னேன். நம்பல. டிக்கெட் போட்டுட்டான், சனிக்கெழமை வரான்.

நீங்க இன்னிக்குத் தொறந்து விட்டா, அதுக்குள்ள உங்க படம் பச்சை காட்டிருச்சுன்னா? சரியாப் போச்சும்மா, அடுத்த வருசம் வரேன்னுருவான்.

அவன் வந்து எறங்கி, என்னை நாலு திட்டு திட்டிட்டு, அவன் கையாலயே தொறக்கட்டும். நீங்க சோத்தைப் பெசஞ்சு சாப்புடுங்க தம்பி, ஆறுது.