அண்ணனின் வாட்ச் இன்னும் ஓடுகிறது

மத்தியானம் ஒரு மணி. கல்லிடைக்குறிச்சி தாண்டிக் கால்வாயை ஒட்டி வீரவநல்லூருக்கு வருகிற ரோடு. பங்குனி வெயில். அறுப்பு முடிந்த வயலில் ஒரு கொக்குகூட இல்லை. அந்த ரோட்டில் சிவகணேஷ் பைக்கில் தனியாக வந்துகொண்டிருந்தான்... தனியாகத்தான் கிளம்பினான்.

நான் இப்படி ஆரம்பித்ததும் சிவசண்முகம் சிரித்தார். என் அண்ணியின் தம்பி அவர்.

"உச்சி வெயில்ல பேயா? ராத்திரி டூட்டி முடிச்சுட்டு ஓவர்டைம் பாக்குதோ வே?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் என் அண்ணன் பூதலிங்கத்தின் முதல் வருஷத் திவசம். கரண்ட் போய்விட்டதால் மொட்டை மாடியில் பாய் விரித்து நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அண்ணனின் ஒரே மகன் சிவகணேஷ் இன்னும் வந்து சேரவில்லை. காலையில் வந்து, தர்ப்பணம் முடித்து, பன்னிரண்டு மணிக்குள் கிளம்பிவிடுவானாம். சாப்பாட்டுக்கு இருக்கமாட்டானாம். போனில் சொல்லியிருந்தான்.

"பெத்த அப்பா திவசத்துல ஒரு வாய் சாப்பிடக்கூட இருக்கமாட்டானா?" என்று என் மகள் சுப்ரஜா கோபப்பட்டாள். அவனை எல்லாரும் ஏச ஆரம்பித்தார்கள். அதனால்தான் நான் வாயைத் திறந்தேன். கீழே அடுக்களையில் அண்ணி இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் கட்டியிருந்த வாட்சைக் கழற்றித் தலைமாட்டு விளக்கின் பக்கத்தில் வைத்துவிடுவோம். சாவி கொடுக்கமாட்டோம். ஒரு நாளோ ஒன்றரை நாளோ ஓடும். பிறகு தானாக நிற்கும். நின்றதும் வீட்டில் ஒருவர், "கிளம்பியாச்சு" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அழுகை ஓயும். பதினாறு கழிந்ததும் மகன் அதற்குச் சாவி கொடுத்துக் கையில் கட்டிக்கொள்ளலாம்.

அண்ணனுடையது சாவி தேவைப்படாத ரகம். பழைய சுவிஸ் வாட்ச். கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. உள்ளே ஒரு தகடு இருக்கிறது. கை அசைய அசைய அது சுழன்று தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். கையில் இருக்கும்வரை நிற்காது.

அதை யாரும் யோசிக்கவில்லை. வாட்சைக் கழற்றிக் கொடுத்து விளக்கடியில் வைக்கச் சொன்னார் அண்ணி. துக்க வீட்டுக் கூட்டத்தில் காணாமல் போய்விடும் என்று சிவகணேஷ் அதைத் தன் கையில் கட்டிக்கொண்டான். நானும் பார்த்தேன். "சாவி மட்டும் கொடுத்துராதலே" என்றுதான் சொன்னேன். அவனும் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கையோடுதான் எல்லாக் காரியத்துக்கும் ஓடியாடினான்.

ராத்திரியில் அவனுக்குத் தூக்கம் இல்லை. அண்ணன் இறந்த அன்று சாயங்காலம் அவனுக்கு இரண்டு தடவை போன் செய்திருந்தார். நண்பர்களோடு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவன் இரண்டு தடவையும் கட் செய்துவிட்டான். மூன்றாவது தடவை அண்ணன் கூப்பிடவில்லை.

"மணி பாக்கும்போதெல்லாம் அப்பா கூப்பிட்ட நேரம்தான் தெரிஞ்சுது சித்தப்பா. ஏன்லே எடுக்கலன்னு கேட்டுக்கிட்டே ஓடுச்சு" என்று பிறகுதான் என்னிடம் சொன்னான்.

அம்பாசமுத்திரத்தில் யஹ்யா என்று ஒருவர். துபாயில் பல வருஷம் இருந்து திரும்பியவர். பழைய வாட்சுகளைத் தேடித் தேடி வாங்கிச் சேர்ப்பவர். சிவகணேஷ் யாரிடமும் சொல்லாமல் அதை விற்றுவிட அவர் வீட்டுக்குப் போனான். அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, பின்மூடியைத் திறந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அத்தா கட்டுனதா?"

"ஆமா."

"மவுத்தாகி எவ்வளவு நாளாச்சு தம்பி? எதுக்குக் கேக்கேன்னா, துக்கம் ஆறாத வீட்டுப் பொருள நான் தொடமாட்டேன்."

"ஒரு வருசம் ஆச்சு" என்றான். பதினாறுகூடக் கழியவில்லை.

அவர் அவன் தலையைப் பார்த்தார். கொள்ளி வைத்தபோது எடுத்த மொட்டை. "திருச்செந்தூர் நேர்ச்ச" என்று அதற்கும் ஒரு பொய் சொன்னான்.

யஹ்யா நம்பினார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வாட்சைத் துடைத்து ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்தார். உள்ளே இன்னும் சில வாட்சுகள், சின்னச் சின்ன மெத்தைகளில் கட்டப்பட்டு, பைய சுழன்றுகொண்டிருந்தன. 'உர்ர்...' என்று ஒரு சத்தம். பூனை தூங்குகிற மாதிரி.

"இதுல வெச்சா நிக்கவே நிக்காது தம்பி. கட்டுன கை இன்னும் உசுரோட அசையுதுன்னு வாட்சு நெனச்சுக்கிடும்."

அவன் தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தான். அப்போதுதான் புரிந்தது, தன் கையிலும் அது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது என்று. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க நா எழவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கால்வாய் மதகு வந்தது. அங்கே பைக்கின் பின்பக்கம் 'கிரீச்' என்று அமுங்கியது... ஆள் ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி. பஞ்சர் என்று நினைத்தான். வண்டி நேராகத்தான் போனது.

அப்புறம் வாசனை. முழங்காலுக்கு அண்ணன் தேய்க்கிற தைலம். பூண்டு காய்ச்சின மாதிரி இருக்கும். அனல்காற்றில் அது கலையவே இல்லை. கழுத்துக்குப் பின்னால்... அங்கேயே நின்றது.

"பேய் ஹெல்மெட் போட்டுருந்துச்சா?" என்றார் சிவசண்முகம். ஆனால் இந்தத் தடவை என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டுதான் கேட்டார்.

அண்ணன் பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் ஒருபோதும் பிடிக்கமாட்டார். வேகத்தடை வந்தால் மட்டும் ஓட்டுகிறவன் தோளில் கை வைப்பார். ஊர் எல்லையில் ஒரு வேகத்தடை உண்டு. சிவகணேஷ் பிரேக்கை அழுத்தினான்.

தோளில் கை விழுந்தது.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. கண்ணாடியைப் பார்த்தான். முகம் தெரியவில்லை. கை மட்டும். வெயிலில் கருத்த கை... மணிக்கட்டில், வாட்ச் கட்டியிருந்த இடத்தில் மட்டும், வெள்ளையாக ஒரு வளையம்.

வீட்டு வாசலில் நிறுத்தினான். வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. உள்ளே இருந்து அண்ணி கேட்டார்: "கூட யாருலே வந்திருக்கா? ரெண்டு சோடி செருப்புச் சத்தம் கேக்குதே."

பதினாறாம் நாள். நடுக்கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது அண்ணி மகனிடம் கேட்டார், "வாட்சு இப்பமாவது நின்னுட்டாலே?" அவன் என்னைப் பார்த்தான். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. "நின்னுட்டும்மா" என்றான். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிளம்பியாச்சு" என்றார். அன்றைக்கு அவன் இலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது.

ராத்திரி என்னிடம் வந்து அழுதான். மறுநாள் இரண்டு பேருமாக அம்பாசமுத்திரம் போனோம். யஹ்யா எங்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். பெட்டியைத் திறந்து காட்டினார். அந்த மெத்தை காலியாக இருந்தது. துபாயில் தன்னைப் போல வாட்ச் சேர்க்கிற ஒருவரோடு அதை மாற்றிக்கொண்டுவிட்டாராம்.

"மொட்டத் தலையோட நின்னு பொய் சொல்லிட்டியே தம்பி..." என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

எங்கள் முன்னாலேயே போன் போட்டார். அந்தப் பக்கம் பேசினதைக் கேட்டு முகம் சுருங்கியது.

"ஒரே ஒரு நாள் நிப்பாட்டி வைக்கச் சொன்னேன். அவங்கிட்ட இருந்தும் கைமாறிட்டாம். யாருன்னு சொல்ல மாட்டேங்கான். ரொம்பப் பிரியமா வெச்சுக்கிடுத ஆளாம்... ஒரு நிமிசம்கூட நிக்க விடமாட்டானாம்."

அந்த மாதமே சிவகணேஷ் ஓசூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். ஊருக்கு வந்தாலும் மத்தியானத்தில் வீட்டில் இருப்பதில்லை.

நான் நிறுத்தினேன். எங்கேயோ ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்று ரகசியமாகக் கேட்டார் சிவசண்முகம்.

"தெரியாது. நீரும் சொல்லிராதயும்."

படியில் காலடி. அண்ணி சுக்குக் காப்பித் தூக்குடனும் தம்ளர்களுடனும் மேலே வந்தார்.

"என்ன, எல்லாரும் பேயறஞ்ச மாதிரி இருக்கிய?"

பேச்சை மாற்ற வேண்டும் என்று, "நாளைக்குப் படையல் எத்தன மணிக்கு அண்ணி?" என்றேன்.

"ஒரு மணிக்கு வெச்சுக்கிடுவோம். ஒங்க அண்ணன் அப்பத்தான வாராவ."

சுப்ரஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தினமுமா பெரியம்மா?"

"தெனமுந்தான் தாயி. நடையில வந்து நிப்பாவ. மணிக்கட்டத் திருப்பித் திருப்பிப் பாப்பாவ. கையிலதான் வாட்சு இல்லியே... எங்கிட்டதான் கேப்பாவ. 'நேரமாயிட்டா சொர்ணம், நான் கிளம்பட்டா'ன்னு."

இருட்டில் ஒரு சொட்டுச் சிந்தாமல் தம்ளரில் காப்பியை ஊற்றினார்.

"இன்னும் ஆவலன்னு சொல்லிருதேன்."