பிளம்ஸ் மரத்தடிப் பிணம்

உங்கள் காவல் நிலைய அறை கதகதப்பாக இருக்கிறது, ஐயா. வீட்டில் ஒற்றை ஆளுக்காகக் கணப்பு மூட்ட எனக்கு மனம் வருவதில்லை. கம்பளிக்குள் காலை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

தமோட்சுவை ஏன் சுட்டாய் என்று கேட்டீர்கள். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஊர்க் கடையில் தகரத் துப்பாக்கி விற்பார்கள். வெள்ளிப் பூச்சுப் பூசிய சின்னக் களிமண் உருண்டைதான் குண்டு. பட்டால் பெரிதாக வலிக்காது. ஆகவே பட்டவனே கையைத் தூக்கி “பட்டுச்சு” என்று சொல்ல வேண்டும். பிறகு கோயில் பிளம்ஸ் மரத்தடியில், ஆட்டம் முடியும்வரை பிணமாக உட்கார வேண்டும். பொம்மைத் துப்பாக்கி பிள்ளைகளைக் கெடுக்கும் என்பார் எங்கள் வாத்தியார். எனக்கு அது நேர்மையைத்தான் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு முறையும் நான் சொன்னேன். தமோட்சு ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஒருநாள் அவன் நெற்றியிலேயே சுட்டேன். வெள்ளிப் பொடி புள்ளியாக ஒட்டியிருந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

“எங்கடா இருக்கு? காட்டு பாப்போம்.”

அடுத்து அவன் என்னைச் சுட்டான். நான் மரத்தடிக்குப் போனேன். மற்றவர்கள் ஆட்டத்தை முடித்துக்கொண்டு, அவன் வீட்டுக்குச் சிவப்புப் பயறுப் பாயசம் குடிக்கப் போய்விட்டார்கள். பிணத்தைக் கூப்பிட யாருக்கும் ஞாபகம் இல்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். எழுந்து போனால் அழுகுணி ஆட்டம் ஆகிவிடும் அல்லவா?

பிறகு ஒவ்வொருவராக நகோயா நகரத்துக்குப் பிழைக்கப் போனார்கள். வேட்டைச் சங்கத்தில் நாங்கள் இருவரும் இன்னும் சில கிழவர்களும் மிஞ்சினோம். என்னை யோஷி என்று கூப்பிட அவன் ஒருவன்தான் இருந்தான்.

பன்றியைச் சாய்த்தவனுக்குத்தான் அதன் இதயம். அது எங்கள் வழக்கம். போன மாதம் நான் ஒன்றைச் சாய்த்தேன். தன் குண்டு என்று சொல்லித் தமோட்சு இதயத்தை எடுத்துக்கொண்டான்.

“யோஷிக்குக் குறி பாக்கல்லாம் வராதுப்பா. சாகச் சொல்லுங்க, அதுல அவன் கில்லாடி!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை அவன் மேலிருந்து பன்றியை விரட்டிக்கொண்டு இறங்கினான். நான் கீழே துப்பாக்கியோடு காத்திருந்தேன். பன்றி என்று நினைத்துச் சுட்டதாக முதலில் உங்களிடம் சொன்னேன். வேட்டைச் சங்கத்து ஆரஞ்சுச் சட்டை போட்ட பன்றி எந்தக் காட்டிலும் கிடையாது. தொடையில்தான் சுட்டேன். அவன் வாயால் அந்த ஒரு வார்த்தை வர வேண்டும், அவ்வளவுதான்.

வாக்கி டாக்கியில் மேட்டிலிருந்து ஒரு கிழவர் கேட்டார். “என்னப்பா வெடிச் சத்தம்? யாருக்காச்சும் பட்டுச்சா?”

“யாருக்கும் படல,” என்றது தமோட்சுவின் குரல். “கால் வழுக்கி விழுந்துட்டேன். நீங்க வர வேணாம். டேய் யோஷி, நீ மட்டும் வா. சீக்கிரம் வாடா.”

படலையாம். நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தேன். இன்னும் சில முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். குரல் மெலிந்துகொண்டே வந்தது. வாக்கி டாக்கி என் மடியில்தான் இருந்தது, யாரையும் அழைக்கவில்லை. அவன் குரல் ஒரேயடியாக அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆளைச் சுட்டவனுக்கு உரிமம் போகும், சிறையும் கிடைக்கும். வாக்கி டாக்கியில் பேசுவது எல்லோர் காதிலும் விழும் என்று தெரிந்து, உன்னைக் காப்பாற்றத்தான் அவன் பொய் சொன்னான் என்கிறீர்கள். சங்கத்துக் கிழவர்களும் அப்படித்தான் சொல்கிறார்களாம். உங்களுக்குத் தமோட்சுவைத் தெரியாது, ஐயா. ஆறு வயதிலிருந்து அவனோடு விளையாடியவன் நான்.

என் முகத்தை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கணப்புச் சூட்டில் கண் எரிகிறது. இதோ, சட்டைக் கையால் துடைத்துவிட்டேன். எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்.