நாற்பது வினாடிப் பாட்டு

ரொட்டி சானாய் வாங்கினால் குழம்பைத் தனியாகத்தான் ஊற்றச் சொல்வேன். ஒன்றோடு ஒன்று கலந்தால் எனக்கு ஆகாது. இதை முதலில் சொல்லக் காரணம், எங்கள் ஊர் சிலிபினில் இப்போது என்னைக் கலப்படக்காரன் என்கிறார்கள். நடந்ததை எழுதித் தரும்படி தீபன் கேட்டான். எழுதுகிறேன்.

என் பெயர் உடையப்பன். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சவுண்ட் சிஸ்டம் கட்டுவேன். வீட்டுப் பின்னறையில் பாட்டுப் பதிவும் உண்டு. தீபன், ஷர்மினி, யுகேந்திரன் மூவரும் தங்கள் பங்க் ராக் குழுவின் புது ஆல்பத்தை அங்கேதான் பதிந்தார்கள். குழுவின் பெயர் ‘ஒட்டுப்பால்’. ரப்பர் மரத்தில் கட்டிய கோப்பையில் பால் காய்ந்து கிடந்து நாறுமே, அதுதான். ஆல்பத்தின் பெயர் ‘நாத்தம்’. பெயர் வைப்பதில் பிள்ளைகள் நேர்மையானவர்கள்.

மொத்தம் ஏழு பாட்டு. இரண்டு வருட உழைப்பு. கிடார் சுருதி விலகியிருந்தது, சேர்த்து வைத்தேன். அடுத்தது யுகேந்திரனின் டிரம்ஸ். தகரக் கூரையில் டுரியான் விழுகிற மாதிரி அடிப்பான். அதை எடுத்துவிட்டேன். எடுத்த இடம் காலியாகக் கிடந்தது, உறுமி வைத்தேன். அவன் அடித்த மூலப்பதிவைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லாமல் முந்நூறு சிடி போட்டேன்.

உறுமி வாசித்தது நான்தான். பன்னிரண்டு வருடம் கோயில் உறுமி மேளத்தில் இருந்தவன். அத்தனை வருடத்தில் என் அடிக்கு ஒருவருக்கும் சாமி வந்ததில்லை. மேளத் தலைவர் பத்துமலை என்பவர் காவடிக்காரர்கள் முன்னாலேயே சொன்னார்: “நீ அடிச்சா வந்த சாமியும் வீட்டுக்குப் போயிடும்லா. குச்சிய வெச்சிட்டு தண்ணிப் பந்தலுக்குப் போ.” போனேன். ஒன்பது வருடம் மோர் ஊற்றினேன். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அன்று என்ன கிழமை, அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வெளியீட்டு விழா ஞாயிறு மதியம், சமூக மண்டபத்தில். முதலில் ஆல்பத்தை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுவது, பிறகு மேடையேறி வாசிப்பது என்று ஏற்பாடு. கோலாலம்பூரிலிருந்து ஐவன் வந்திருந்தான். சின்ன இசை நிறுவனம் வைத்திருப்பவன்; பிடித்துப்போனால் குழுவை ஊர் ஊராக அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தான். தீபனின் அம்மா காளியம்மா அக்காவும் வந்திருந்தார். மகனின் பாட்டை அதுவரை அவர் கேட்டதே இல்லை. தீபன் ஒரு வாரம் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தான்.

முதல் பாட்டு முடிந்தது. ஒருவரும் அசையவில்லை. குழுவினர் மூவரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். இரண்டாவது பாட்டு நாற்பது வினாடி. அது தொடங்கியதும் காளியம்மா அக்கா எழுந்தார். கொண்டை அவிழ்ந்தது. “ஏய்ய்ய்” என்று ஒரு சத்தம். மண்டபமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தீபன் என்னிடம் ஓடி வந்தான். “அலாமாக், இது எங்க பாட்டே இல்லண்ணே! நிறுத்துங்க!”

“சாமி மலையேறாம எப்படி தம்பி நிறுத்தறது? ஒங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?” என்றேன்.

சாமிக்குப் பயந்த எஸ்டேட்டுக் குடும்பத்துப் பிள்ளை. பொத்தானை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். நான் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். நாற்பது வினாடிப் பாட்டு நாற்பது நிமிடம் ஓடியது. சேவல் கொண்டை மாதிரி முடி வைத்த பையன்கள் எலுமிச்சம்பழம் தேடி ஓடினார்கள். ஐவன் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவன். அவனே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து குனிந்தான்.

“எங்க கம்பெனி நல்லா வருமா, ஆத்தா?”

“மொதல்ல மூக்குல இருக்கற வளையத்தக் கழட்டுடா.”

கழற்றினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

அதன் பிறகு குழு மேடையேறவில்லை. யுகேந்திரன் வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து அழுதான் என்று கேள்விப்பட்டேன். ஐவன் குழுவை அழைக்காமலே ஊர் போய்ச் சேர்ந்தான். மூன்றாம் நாள் காளியம்மா அக்கா முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“ஏன் உடையப்பா, ஒனக்கு அறிவிருக்கா? எவனும் கைகூட தட்டல, எம்புள்ள மூஞ்சி செத்துப் போச்சு. பாவமா இருக்கேன்னு எந்திரிச்சி ரெண்டு ஆட்டம் ஆடினேன். நீ நிறுத்துவ, ஒக்காரலாம்னு பாத்தா, நிறுத்தவே மாட்டேங்கற. மேளம் அடிக்கறப்ப சாமி எப்படிலா ஒக்காரும்? முட்டி தேஞ்சி போச்சு எனக்கு.”

ஆக, டிரம்ஸை அழித்தது நான், உறுமி வைத்தது நான், பாட்டை நிறுத்தாததும் நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அக்காவிடமும் நான் எதிர்த்துப் பேசவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்து, முட்டிக்குத் தைலமும் கொடுத்தனுப்பினேன். பாவம், அவருக்கு என்ன தெரியும். உண்மையாகவே சாமி வந்தவர்களுக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.